ஏரியின் இரண்டு படங்களும் நடுவில் ஒரு கோடும்

2019 கோடையில் சென்னை மக்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த நாட்களில், புழல் ஏரியின் செயற்கைக்கோள் படங்கள் இரண்டு உலகம் முழுக்கச் சுற்றின. ஒன்று 2018 ஜூனில் எடுத்தது, நீர் நிறைந்திருக்கிறது. மற்றது 2019 ஏப்ரலில் எடுத்தது, வெறும் மண். இப்படிப்பட்ட ஜோடிப் படங்களைச் செய்தித் தளங்கள் நடுவில் ஒரு கோடு போட்டுத் தரும். கோட்டை விரலால் இழுத்தால் தண்ணீர் வடிந்துகொண்டே போகும், திருப்பி இழுத்தால் நிரம்பும். சின்னப் பிள்ளைகள்கூட நாலு தடவை இழுத்துப் பார்ப்பார்கள்.

இந்த ஸ்லைடர் வேலை செய்யும் விதம் எளிது. இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, மேலே இருப்பதை விரல் நிற்கும் இடம்வரை மட்டும் காட்டுகிறார்கள். இரண்டிலும் கரை, சாலை, மதகு எல்லாம் அச்சு அசலாக ஒரே இடத்தில் பொருந்த வேண்டும் என்பதுதான் கஷ்டமான பகுதி. படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், முதல் படத்தை நினைவில் சுமந்துகொண்டுதான் இரண்டாவதைப் பார்க்க வேண்டும். அந்தச் சுமையை ஸ்லைடர் இறக்கி வைத்துவிடுகிறது. மாற்றம் நடக்கும் இடத்திலேயே கண் நிற்கிறது.

அதனால்தான் இது ஆபத்தானதும்கூட. கோட்டின் இரு பக்கமும் எந்தத் தேதி என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சென்னையின் ஏரிகள் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர்வரையிலான வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, கோடையில் இறங்குபவை. டிசம்பர் படத்தையும் ஜூன் படத்தையும் ஒட்டினால் எந்த வருடத்தையும் பஞ்ச வருடமாகக் காட்டிவிடலாம். புழல் ஜோடி இந்தச் சோதனையில் தேறுகிறது. சாதாரணமாக ஜூனைவிட ஏப்ரலில்தான் தண்ணீர் கூடுதலாக இருக்க வேண்டும். இங்கே ஏப்ரலிலேயே தரை தெரிகிறது. 2018இன் பருவமழை பொய்த்ததன் தடயம் அது.

தேதியைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரமும் முழுசாகக் கிடைப்பதில்லை. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைக் கடந்து, 10 மீட்டர் அளவுவரை நுணுக்கமாகப் படம் எடுக்கின்றன. ஆனால் மேகம் மூடினால் அவற்றுக்குக் கண் தெரியாது. வறண்ட ஏரிக்குப் பளிச்சென்ற படம் நூறு கிடைக்கும். வெள்ளம் உச்சத்தில் இருக்கும் நாளில் வெள்ளை மேகம்தான் கிடைக்கும். அப்போது மேகத்தை ஊடுருவும் அலையை அனுப்பிப் படம் எடுக்கும் ரேடார் செயற்கைக்கோளிடம் போக வேண்டும். அசையாத நீர்ப்பரப்பு ரேடார் அலையை வேறு திசையில் தட்டிவிடுவதால் படத்தில் அது கறுப்பாக விழுகிறது. சரியான தகவல்தான், ஆனால் பார்க்க அழகில்லை. பலரும் அதைப் போடாமல் விடுவதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இன்னொரு சிக்கல்: மேலிருந்து எடுத்த படம் பரப்பைக் காட்டுகிறது, கொள்ளளவைக் காட்டுவதில்லை. தாம்பாளத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் குறைந்தால் பாதித் தட்டு காய்ந்துவிடும். சொம்பில் அதே டம்ளரை எடுத்தால் மேலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. நம்மூர் ஏரிகள் தாம்பாள வகை, அகலம் அதிகம், ஆழம் குறைவு. மலைகளுக்கு நடுவே கட்டிய அணைகள் சொம்புக்கு நெருக்கமானவை. ஆகவே ஏரிப் படம் கொஞ்சம் மிகைப்படுத்தும், அணைப் படம் கொஞ்சம் மறைக்கும்.

நிறத்திலும் இதே கதைதான். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைச் செடிகொடிகள் நன்றாகத் திருப்பி அனுப்பும், தண்ணீர் விழுங்கிவிடும். நீரின் எல்லையைப் பிரித்தறிய ஆய்வாளர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். அப்படிப்பட்ட படங்களில் பசுமைக்குச் சிவப்பு பூசுவது வழக்கம். ஒருமுறை அந்தச் சிவப்பைப் பார்த்து, காட்டுத்தீ என்று பதறி நண்பருக்கு அனுப்பினேன். “அது தென்னந்தோப்புப்பா” என்று பதில் வந்தது.

என் குழப்பம் ஒரு ஆளோடு முடிந்தது. 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியா முழுக்கத் தணலாக ஜொலித்த ஒரு படம் உலகையே குழப்பியது. அது புகைப்படமே இல்லை. டிசம்பர் 5 முதல் ஜனவரி 5 வரை நாசாவின் தீ உணர்விகள் குறித்த இடங்களையெல்லாம் ஒரே வரைபடத்தில் சேர்த்து ஒரு கலைஞர் செய்த முப்பரிமாண ஓவியம். ஒரு மாதத் தீ ஒரே இரவின் தீயாகப் பலரது போனில் எரிந்தது. எரிந்த காடு உண்மை, ஓவியரும் எதையும் ஒளிக்கவில்லை. பகிரப் பகிர விளக்கக் குறிப்பு உதிர்ந்துபோய்ப் படம் மட்டும் மிஞ்சியது.

சரி, இப்படி ஒரு படைப்பு நன்றாக வேலை செய்ததா என்று எப்படி அளப்பது? செய்தி அறைகள் முதலில் பார்ப்பது எத்தனை பேர் திறந்தார்கள் என்பது. பனிச்சரிவு பற்றி நியூயார்க் டைம்ஸ் 2012இல் வெளியிட்ட ‘ஸ்னோ ஃபால்’ முதல் சில நாட்களிலேயே 35 லட்சம் பார்வைகளைத் தாண்டியது, வாசகர்கள் சராசரியாகச் சுமார் 12 நிமிடம் தங்கினார்கள். அப்புறம் ஆளாளுக்கு, உருட்ட உருட்டப் படமும் காட்சியும் விரியும் இதுபோன்ற ஸ்க்ரோல் கதை செய்யக் கிளம்பினார்கள். ஆனால் சாதாரணப் பக்கங்களின் கதை வேறு. திறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 15 வினாடிகூட உருப்படியாகத் தங்குவதில்லை என்று, இணைய வாசகர்களின் நடமாட்டத்தை அளக்கும் மென்பொருள் தரும் சார்ட்பீட் நிறுவனம் 2014இல் சொன்னது. பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவரைக் கணக்கில் சேர்க்காமலிருக்க, தொடுதல், உருட்டுதல் போன்ற அசைவுகளை அந்த மென்பொருள் கவனிக்கிறது. அப்படியும் ரசித்துத் தங்கியவரையும் புரியாமல் தவித்தவரையும் அதால் பிரிக்க முடியாது.

புரிந்ததா என்று தெரிய ஒரே வழி, பக்கத்தை மூடச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்பதுதான். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் இதைப் பல ஆண்டுகள் செய்திருக்கிறார். 1998இல் அவரும் ஷானன் ஹார்ப்பும் மின்னல் எப்படி உருவாகிறது என்ற பாடத்தை வைத்துச் சோதித்தார்கள். சிலருக்கு வெறும் விளக்கமும் அதற்கான படமும். வேறு சிலருக்கு அவற்றோடு, மின்னல் தாக்கிய விளையாட்டு வீரரின் சீருடைப் படம் போன்ற சுவாரசியத் துணுக்குகளும். துணுக்கு பார்த்தவர்களுக்கு மின்னல் உருவாகும் விதம் குறைவாகவே நினைவில் நின்றது. தலைப்போடு தொடர்புடைய, ஆனால் காரணத்தை விளக்காத அலங்காரம் வாசகரைத் தவறான பாதையில் ஏற்றிவிடுகிறது. ட்ரோன் காட்சிக்குச் சோக வயலின் சேர்ப்பவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை படிக்கலாம்.

மேயர் வலியுறுத்தும் இன்னொன்று: விளக்கும் சொல், விளக்கப்படும் படத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். புழல் ஏரியின் அன்றைய முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. தினசரி நீர் இருப்பை நாளிதழ்களே வெளியிட்டுவந்தன. ஸ்லைடரைத் திரும்பச் செய்யச் சொன்னால், அந்த இருப்பு எண்ணை மூன்று திரை தள்ளிக் கீழே புதைக்காமல் கோட்டின் மேலேயே உட்கார வைப்பேன், இரு பக்கமும் தேதியோடு. கோட்டை எந்தப் பக்கம் இழுத்தாலும் அந்தத் தேதியில் எவ்வளவு இருந்தது என்பது கண்ணில் படும்.