ரயில் போனது, உப்பு போகவில்லை

கடலோரக் கட்டுமானங்களின் கான்கிரீட்டைத் தட்டிப் பார்ப்பதுதான் இருபது வருடமாக என் வேலை. கையில் ஒரு சுத்தியல் போதும். நல்ல கான்கிரீட் ‘ணங்’ என்று ஒலிக்கும். உள்ளே கம்பி துருப்பிடித்து மேல்படலம் விட்டுப்போயிருந்தால் ‘பொத்’ என்று வெற்றுச் சத்தம் வரும். அந்தச் சத்தம் காதில் ஊறிப்போனதால், பழைய ரயில் பாலத்தை நடைபாதை ஆக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் சந்தோஷத்தோடு ஒரு கேள்வியும் வருகிறது: இனி அதை யார் தட்டிப் பார்ப்பார்கள்?

அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் தென்கோடியில் தீவுகள் சரமாகக் கிடக்கின்றன. கடைசித் தீவான கீ வெஸ்ட் வரை கடல்மேல் ரயில் விட, ஹென்றி ஃப்ளாக்லர் 1905-இல் வேலையைத் தொடங்கினார். 1906 அக்டோபரில் அடித்த சூறாவளி, லாங் கீ அருகே தொழிலாளர்கள் தங்கியிருந்த படகுவீட்டைக் கடலுக்கு இழுத்துப் போனது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1912 ஜனவரியில் முதல் ரயில் கீ வெஸ்ட் போய்ச் சேர்ந்தது. நம் பழைய பாம்பன் ரயில் பாலம் திறந்ததற்கு இரண்டு வருடம் முன்பு.

அந்தப் பாதையில் எனக்கு மிகவும் பிடித்தது லாங் கீ பாலம். ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டருக்குக் கடலுக்குள் வரிசையாகக் கான்கிரீட் வளைவுகள். வளைவில் பாரம் அழுத்தமாகவே தூணுக்கு இறங்கும். அழுத்தத்தைத் தாங்குவதுதான் கான்கிரீட்டின் பலம். தண்ணீருக்குள் நிற்கும் பகுதிகளுக்கு ஜெர்மனியிலிருந்து சிமெண்ட் வரவழைத்தார்கள். தீவுகளில் நல்ல தண்ணீர் கிடையாது என்பதால் அதையும் நிலப்பரப்பிலிருந்து கொண்டுவந்தார்கள். கிணறு உப்புக்கரிக்கிறது என்று தெரிந்தே அந்தத் தண்ணீரில் கலவை போடும் இடங்களை நம் கடற்கரைகளில் இன்றும் பார்க்கிறேன், வயிறு எரிகிறது.

1935 செப்டம்பர் 2-ஆம் தேதி வந்த சூறாவளியில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மக்களை மீட்கப் போன ரயிலின் பெட்டிகளை அலை புரட்டிப் போட்டது. இன்ஜின் மட்டும் தடத்தில் நின்றது. பாலங்கள் தப்பின. அவற்றுக்கு இடையே மண்ணும் கல்லும் கொட்டி எழுப்பிய கரைகள்தான் அரித்துப் போயின. ரயில்வேயிடம் மீண்டும் கட்டப் பணமில்லை. மாநில அரசு 6,40,000 டாலருக்குப் பாதையை வாங்கி, ஒற்றைத் தடப் பாலங்களின்மேல் அகலமான தளம் போட்டு, 1938-இல் கார்களை விட்டது. அதே பாதையிலிருந்த செவன் மைல் பாலத்தில் பழைய தண்டவாளங்களையே பக்கவாட்டுத் தடுப்பாக நட்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் பக்கத்திலேயே புதிய பாலங்கள் வந்தன. லாங் கீயில் இப்போது நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள், தூண்டில் போடுகிறார்கள்.

“ரயிலே போன பாலம், மனுஷன் நடந்தா என்ன ஆகும்?” என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. பாரம் குறைந்தது உண்மைதான். ஆனால் கடலோரப் பாலத்தைக் கொல்வது பெரும்பாலும் பாரம் அல்ல, உப்பு. அலைத்தெறிப்பு படும் இடங்களில் கான்கிரீட் நனைந்து காய்ந்து நனைந்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உப்பை உள்ளே விட்டுக்கொள்கிறது. கம்பியைக் காக்கும் மெல்லிய படலத்தை ஒருநாள் அது உடைக்கிறது. துரு, இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். இடமில்லாததால் கம்பி ஓடும் திசையிலேயே விரிசல் விட்டு, மேல்மூடியைத் தள்ளிவிடும். மேலே ரயில் ஓடுகிறதா, குழந்தை நடக்கிறதா என்பது அதற்குக் கணக்கில்லை.

செவன் மைல் பழைய பாலத்தையே பாருங்கள். கான்கிரீட் தூண்கள்மேல் எஃகு கர்டர்கள், அதாவது தளத்தைத் தாங்கும் உத்தரங்கள். கார்கள் புதிய பாலத்துக்குப் போன பிறகும், பிஜன் கீ தீவு வரையிலான துண்டில் மக்கள் நடந்துகொண்டிருந்தார்கள், சில வாகனங்களும் போய்வந்தன. துரு முற்றி 2008-இல் வாகனங்களை முழுதாக நிறுத்தினார்கள். பிறகு நடப்பவர்களுக்கும் மூடினார்கள். 4.4 கோடி டாலர் செலவில் சீர்செய்து 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: முப்பது வருடப் பராமரிப்பையும் சேர்த்து 7.7 கோடி டாலருக்கு மாநிலமும் மாவட்டமும் மாரத்தான் நகரமும் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. திறப்புவிழாவுக்குப் பிந்தைய செலவுக்கும் பொறுப்பாளிகள் எழுத்தில் இருந்தார்கள்.

இதன் எதிர்ப்பக்கத்தையும் பார்த்திருக்கிறேன். கடலோர ஊர் ஒன்றில் பழைய கான்கிரீட் நடைபாலம். அடிப்பக்கம் கம்பி தெரிகிறது என்று அறிக்கை கொடுத்தேன். துருவைச் சுரண்டாமலேயே சிமெண்ட் பூசி, மேலே வெள்ளையும் அடித்துவிட்டார்கள். பளிச்சென்று இருந்தது. இரண்டு மழைக்காலம் தாண்டவில்லை. உள்ளங்கை அகலப் பாளம் ஒன்று, கீழே வலை உலர்த்தும் இடத்தில் விழுந்தது. நல்லவேளை, அது ஆள் இல்லாத நேரம். அந்தப் பாளத்தின் உட்பக்கத்தில் கம்பியின் தடம் காவி நிறத்தில் அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. இன்னும் என் மேசையில் வைத்திருக்கிறேன்.

உங்கள் ஊரில் ஒரு பழைய பாலத்தை நடைபாதையாக்கக் கேட்கிறீர்கள் என்றால், விளக்கும் பெஞ்சும் கேட்பதற்கு முன், படகில் போய் அடிப்பக்கத்தைச் சோதிக்க எத்தனை வருடத்துக்கு ஒருமுறை ஆள் வருவார், அதற்குப் பணம் எந்தக் கணக்கில் என்று கேளுங்கள். நடக்கப் போகிறவர்களுக்கு: தடுப்பு வைத்திருந்தால் தாண்டாதீர்கள். நிழலுக்காக வளைவின் கீழ் படகைக் கட்டி உட்காராதீர்கள். நேர்கோட்டில் ஓடும் விரிசலும் அதில் காவி வழிந்த கறையும் கண்ணில் பட்டால், பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். கரையிலிருந்து எத்தனையாவது தூண் என்பதையும் எண்ணி எழுதி, பாலத்துக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு அனுப்புங்கள். தூண் எண் இருந்தால் சோதிக்க வருகிறவர் நேராக அங்கேயே போய்த் தட்டிப் பார்க்கலாம்.