மணலில் நீந்தும் அரணை

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தின் நடுவே லேக் வேல்ஸ் மேடு என்றொரு பழைய மணல்மேடு. அங்கே வெள்ளை மணலின்மேல் சில சமயம் ஒரு கோடு தெரியும். அலை வரைந்ததுபோல் ஒரே சீராக வளைந்து வளைந்து போகும். பாம்புத் தடம் என்று தோன்றும், ஆனால் பாம்பில்லை. மேற்பரப்புக்குச் சற்றே கீழே நீந்திப் போன ஓர் அரணையின் தடம் அது.

அதன் பெயர் புளோரிடா மணல் அரணை. வாலோடு அளந்தாலும் 13 செ.மீ.தான் வரும். முன்னங்காலில் ஒரே விரல், பின்னங்காலில் இரண்டு.

நீந்துவது எப்படி? உடம்பை இடமும் வலமுமாக வளைக்கிறது. அந்த வளைவு தலையில் தொடங்கி வால் பக்கமாக ஓடும். ஓடும்போது பக்கத்து மணலைப் பின்னே தள்ளும். தளர்ந்த மணல் முழுதாக விலகிவிடாமல் கொஞ்சம் எதிர்த்து நிற்கும். அந்த எதிர்ப்புதான் உடம்பை முன்னே கொண்டுபோகிறது. இதில் காலுக்கு வேலை இல்லை, நீட்டிக்கொண்டிருந்தால் இடைஞ்சல்தான். அதனால் முன்னங்கால்கள் உடம்பிலுள்ள பள்ளங்களுக்குள் மடங்கிக்கொள்கின்றன.

எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் தலை. மூக்கு ஆப்புபோல் கூர்ந்து மணலைப் பிளக்கிறது. கீழ்த்தாடை மேல்தாடைக்குள் பதிந்திருப்பதால் வாயில் மண் புகாது. வெளிக்காதுத் துளையே கிடையாது. இப்படியே போய் மண்ணுக்குள்ளேயே கரையான்களையும் வண்டுப் புழுக்களையும் பிடித்துத் தின்கிறது.

சரி, விரல்கள் எப்படிக் குறைகின்றன? இதற்கு ஒரு நல்ல தடயம் ஆஸ்திரேலியாவில் கிடைத்தது. அங்குள்ள ஹெமியர்கிஸ் அரணைகளில் சிலவற்றுக்கு ஐந்து விரல், சிலவற்றுக்கு இரண்டே. கரு வளரும்போது, காலாக வளரப்போகும் மொட்டில் 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்' என்ற மரபணு எவ்வளவு நேரம் இயங்குகிறது என்பதில்தான் வித்தியாசம். விரல் குறைந்த வகைகளில் அது சீக்கிரமே அடங்கிவிடுகிறது. மரபணு தொலைந்துபோகவில்லை, இயங்கும் நேரம்தான் சுருங்கியிருக்கிறது.

கடல் மட்டம் உயர்ந்திருந்த காலத்தில் லேக் வேல்ஸ் மேடு தீவுகளாக நின்ற இடம். இன்று அதில் பெரும்பகுதி ஆரஞ்சுத் தோட்டங்களாகவும் வீடுகளாகவும் மாறிவிட்டது. வேர்கள் பின்னி இறுகிய மண்ணில் இந்த அரணையால் நீந்த முடியாது, அதற்குத் தளர்ந்த மணல் வேண்டும். 1987இல் அமெரிக்க அரசு இதை அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிரினமாக அறிவித்தது.

ஒரு நிலத்தில் இது இருக்கிறதா என்று பார்க்க, மணல்மேல் சதுரமான பிளைவுட் பலகைகளைப் போட்டு வைக்கிறார்கள். அப்புறம் சில நாள் கழித்துத் தூக்கிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அரணை கண்ணில் படாது. பலகைக்கு அடியில் அந்த அலைக்கோடு இருந்தால் போதும்.