வீட்டுக் கடனை ‘0% கார்டு’ எடுத்து அடைக்கலாமா?

“வீட்டுக் கடனுக்கு 2.6 விழுக்காடு வட்டி கட்டுகிறேன். கிரெடிட் கார்டில் ஆறு மாதத்துக்கு வட்டியே இல்லை என்கிறார்கள். அந்தப் பணத்தை எடுத்து இதில் போட்டால் என்ன?”

வீட்டுக் கடன் ஆலோசனைக்கு வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி இது. கேட்கிறவர்கள் ஊதாரிகள் இல்லை. ஒவ்வொரு சிங்கப்பூர் வெள்ளிக்கும் கணக்கு வைத்து, வீட்டுக் கடனைச் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று நினைக்கிறவர்கள். அதனால்தான் இதை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது.

விஷயம் இப்படி நடக்கிறது. உங்கள் கார்டில் பயன்படுத்தாமல் இருக்கும் வரம்பிலிருந்து வங்கி ஒரு தொகையை உங்கள் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடும். பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர், ஃபண்ட்ஸ் டிரான்ஸ்ஃபர் என்று வங்கிக்கு வங்கி ஒரு பெயர். ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ வட்டி 0%. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கொடுக்கும் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதமும் கிடையாது. அப்போ லாபம்தானே என்று தோன்றும்.

வட்டி இல்லை, சரி. கட்டணம் இருக்கிறது. தொகையில் இத்தனை விழுக்காடு என்று முதலிலேயே எடுத்துக்கொள்வார்கள். ஓர் உதாரணத்துக்கு 20,000 வெள்ளி, ஆறு மாதம், கட்டணம் 1.8 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 360 வெள்ளி. அதே 20,000 வெள்ளிக்கு வீவக கடனில் ஆறு மாத வட்டி எவ்வளவு? 260 வெள்ளி. அதாவது 260 வெள்ளியை மிச்சம் பிடிக்க 360 வெள்ளி கொடுக்கிறோம். இதில் இன்னொன்று, கார்டுக்கு மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை கட்டியே ஆக வேண்டும், பெரும்பாலும் 3 விழுக்காடு, ஆகவே முழு 20,000 வெள்ளியும் ஆறு மாதம் உங்கள் கையில் இருக்கப்போவதுகூட இல்லை.

வங்கிக் கடன் வைத்திருப்பவர்கள், 2022 கடைசியில் வட்டி 4 விழுக்காட்டைத் தாண்டியபோது, “இப்போவாவது சரிவருமா?” என்று கேட்டார்கள். 4 விழுக்காட்டில் ஆறு மாத வட்டி 400 வெள்ளி, கட்டணம் 360. அதிகபட்சம் 40 வெள்ளி மிச்சம். லாக்-இன் காலம், அதாவது கடனை அடைக்காமல் வைத்திருக்க ஒப்புக்கொண்ட காலம், முடியாமல் அடைத்தால் பல ஒப்பந்தங்களில் 1.5 விழுக்காடு வரை அபராதம் உண்டு, அதில் இந்த 40 வெள்ளி இருந்த இடம் தெரியாது.

இந்த யோசனை முளைத்த இடங்களில் ஒன்று பிரிட்டன். அங்கே இதற்கு ஸ்டூஸிங் என்று தனிப்பெயரே உண்டு. 2007 நடுவில் இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டியே 5.75 விழுக்காடு. அதோடு ஆஃப்செட் என்றொரு வகை வீட்டுக் கடன் அங்கே இருக்கிறது. சேமிப்புப் பணத்தைக் கடனோடு இணைத்து வைத்து அந்த அளவுக்கு வட்டியைக் குறைத்துக்கொள்ளலாம், கார்டு தவணை முடியும் நாளில் அந்தப் பணத்தையே எடுத்து அடைத்துவிடலாம். நம் வீவக கடனில் போட்ட பணம் திரும்ப வராது. வீவக வீட்டை அடகு வைத்து ரொக்கம் எடுக்கவும் வழியில்லை. ஊர் மாறினால் கணக்கும் மாறும் என்பதை இணையத்தில் இதைச் சிபாரிசு செய்கிற பலர் சொல்வதில்லை.

ஆனால் நான் இதை எதிர்ப்பதற்கு முதல் காரணம் கட்டணம் இல்லை. மசே நிதி, அதாவது சம்பளத்திலிருந்து பிடிக்கிற மத்திய சேமநிதி (சிபிஎஃப்).

வீட்டுக் கடன் தவணையை மசே நிதியில் உள்ள உங்கள் சாதாரணக் கணக்கிலிருந்து கட்டலாம். கார்டு கடனை ஒரு காசுகூட அங்கிருந்து கட்ட முடியாது. ஆக இங்கே நீங்கள் செய்வது ஒரு கடனை இன்னொரு கடனாக மாற்றுவது மட்டுமில்லை, மசே நிதியில் கட்டக்கூடிய கடனை ரொக்கத்தில் மட்டுமே கட்டக்கூடிய கடனாக மாற்றுகிறீர்கள். இருபது ஆண்டு பாக்கியிருக்கும் வீவக கடனில் 20,000 வெள்ளிக்கான தவணை மாதம் சுமார் 107 வெள்ளி, பெரும்பாலானவர்களுக்கு அது சம்பளத்தில் கை வைக்காமலே போய்விடும். அதையே கார்டில் ஆறு மாதத்தில் முடிக்க மாதம் 3,333 வெள்ளி ரொக்கம் வேண்டும்.

செங்காங்கில் நாலறை வீட்டில் இருக்கும் ஒரு தம்பதி, இப்படிக் கார்டில் எடுத்து வீட்டுக் கடனில் போட்டுவிட்டு வந்தார்கள், இருவருக்கும் வேலை இருக்கிறது. கணவரின் திட்டம், ஐந்தாம் மாதம் வரும் போனஸை வைத்துக் கார்டை முடித்துவிடுவது. போனஸ் எதிர்பார்த்ததில் பாதிகூட வரவில்லை, வந்ததும் அம்மாவின் மருத்துவச் செலவுக்குப் போய்விட்டது. அதுவரை குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்ததால் 16,600 வெள்ளிக்கு மேல் அப்படியே நின்றது. அடுத்த அறிக்கையை மனைவி என் மேசையில் விரித்து, ‘ஃபைனான்ஸ் சார்ஜ்’ என்ற வரியின் மேல் விரலை வைத்தார். முந்நூற்றுச் சொச்சம் வெள்ளி. நம் ஊர்க் கார்டுகளில் வட்டி ஆண்டுக்கு 27 விழுக்காட்டை ஒட்டி இருக்கும், அந்தக் கணக்கில் மாதம் ஏறக்குறைய 375 வெள்ளி. வீவக கடனிலேயே இருந்திருந்தால் அதே தொகைக்கு 36 வெள்ளி.

“அண்ணே, இது வீட்டுக் கடன்தானே, சிபிஎஃப்லேர்ந்து கட்ட முடியாதா?” என்று கேட்டார். முடியாதும்மா என்று சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவர்கள் சாதாரணக் கணக்கில் அந்தக் கடனை அடைக்கப் போதுமான பணம் இருந்தது, அதைத் தொட வழியில்லை. அதைப் பார்த்துக்கொண்டே 27 விழுக்காடு கட்டுவது எவ்வளவு வேதனை!

இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் கேட்பதே இல்லை. மசே நிதியில் வீவக தவணை கட்டுகிறவர்களுக்கு வீட்டுப் பாதுகாப்புத் திட்டக் காப்புறுதி உண்டு. கட்டுகிறவர் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ, காப்புறுதி செய்த பங்குக்கு ஏற்ப மிச்சக் கடனை அது பார்த்துக்கொள்ளும். கார்டுக்கு மாற்றிய தொகை அந்தக் குடைக்கு வெளியே போய்விடுகிறது. அப்புறம், கார்டு கடன் போன்ற அடமானமில்லாத பாதுகாப்பில்லாக் கடன் 15,000 வெள்ளியைத் தொட்டு, கட்ட முடியாமல் போனால், நொடிப்பு (திவால்) மனு போடக் கடன் கொடுத்தவருக்கு வழி திறக்கிறது. 20,000 வெள்ளி எடுத்தவர் முதல் நாளே அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கிறார்.

வீட்டுக் கடனைச் சீக்கிரம் முடிக்க வேண்டுமா, நல்ல ஆசை. ஆண்டிறுதியில் கூடுதலாக வரும் பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியைப் போடுங்கள், அவசரத்துக்கென்று ஆறு மாதச் செலவை ஒதுக்கிவிட்டு மீதியைப் போடுங்கள். வங்கிக் கடனாக இருந்தால் லாக்-இன் முடிவதற்குச் சில மாதம் முன்பே வேறு வட்டி விகிதங்களை விசாரியுங்கள், கார்டு வித்தைகள் எல்லாவற்றையும்விட அதில்தான் அதிகம் மிஞ்சும்.

ஏற்கெனவே எடுத்துவிட்டீர்களா? 0% முடியும் தேதியைத் தேடிப் பிடித்து, இருவர் கைப்பேசியிலும் போட்டு வையுங்கள். அந்தக் கார்டில் புதிதாக எதுவும் வாங்காதீர்கள், குறைந்தபட்சத் தொகையை வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி ஜிரோவில் போட்டுவிடுங்கள், ஒரு மாதம் தவறினாலும் தாமதக் கட்டணம் விழும், சலுகையே பறிபோகும் ஒப்பந்தங்களும் உண்டு. முடியும் தேதிக்குள் முழுத் தொகை சேராது என்று தெரிந்தால், கெடு முடிவதற்கு முன்பே வங்கியிடம் பேசி, மீதியைக் குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பாதுகாப்பில்லாக் கடன்கள் எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு மாத வருமானத்தைத் தாண்டியிருந்தால், அவற்றை ஒரே கடனாக்க, 2017 முதல் வங்கிகள் வழங்கும் கடன் ஒருங்கிணைப்புத் திட்டம் இருக்கிறது. எங்கே தொடங்குவது என்றே புரியவில்லை என்றால், கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் அமைப்புக்குப் போங்கள், போகும்போது எல்லாக் கார்டு அறிக்கைகளையும், கணவன் மனைவி ஒருவருக்கொருவர் சொல்லாமல் வைத்திருப்பவற்றையும் சேர்த்து, எடுத்துக்கொண்டு போங்கள்.