மிருகவதை: சொல் விளக்கம்

ஊர்க் கொடையில், அதாவது கோயில் திருவிழாவில், காவல் தெய்வம் சுடலைமாடனுக்குக் கிடா வெட்டினால் அது மிருகவதையா? நெல்லைப் பக்கத்து டீக்கடைகளில் இந்தப் பேச்சு அடங்கினதே இல்லை. 1950-ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைத் தமிழக அரசு 2003-இல் தூசி தட்டி எடுத்தபோது சண்டையாகவே மாறியது. மறு வருஷமே அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. சண்டையில் பாதி இந்தச் சொல் கிளப்பியது.

மிருகம், வதை இரண்டும் வடசொற்கள். மிருகம் முதலில் காட்டு விலங்கை, சிறப்பாக மானைக் குறித்தது. மிருகசீரிடம் என்றால் மான்தலை. ‘வத’ என்றால் கொலை. தமிழுக்கு வந்ததும் அது இரண்டாகப் பிரிந்தது. கம்சவதம் என்றால் கொன்றது. ‘என்னைப் போட்டு வதைக்கான்’ என்றால் உயிரோடு படுத்துகிற பாடு. மிருகவதை என்றதும் ஒருவர் காதில் கொலை விழுகிறது, இன்னொருவர் காதில் சித்திரவதை.

1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பேசுவது இரண்டாவதைத்தான். மாநிலங்களவையில் இதற்கு விதை போட்டவர் நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல். அதன் 11-ஆம் பிரிவு அடித்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், பட்டினி போடுதல், துன்பம் தரும்படி வண்டியில் அடைத்துக் கொண்டுபோதல் என்று அடுக்குகிறது. செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தைக்கு ஆடு ஏற்றி வருகிறவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இதுதான். உணவுக்காகக் கொல்வது குற்றமில்லை, தேவையில்லாத வலி கொடுக்காதவரை. விதிப்படி செய்தால் காயடிப்பதும் மூக்கணாங்கயிறு குத்துவதும்கூடக் குற்றமில்லை. ஒரு மதத்தார் தங்கள் முறைப்படி கொல்வதற்கு 28-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. ஆக, கொடைக் கிடாவை இந்தச் சட்டம் தடுக்கவில்லை. அது சரியா என்பது வேறு வழக்கு. அதை அறத்தின் பேரில் பேசலாம், இந்தச் சட்டத்தின் பேரில் பேச முடியாது.

முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ரெண்டு பேர் டீயும் வடையும் சாப்பிட்டால் தீர்ந்துபோகிற காசு!

நல்ல தமிழில் என்ன சொல்வது? வள்ளுவர் இரண்டையும் குழப்பவில்லை: இன்னாசெய்யாமை 32-ஆம் அதிகாரம், கொல்லாமை 33. சட்டம் சொல்வது இன்னா செய்தலை. இன்றைய நடைக்கு ‘விலங்குத் துன்புறுத்தல்’ பொருந்தும். ‘விலங்குவதை’ என்றால் பழைய குழப்பம் அப்படியே தொடரும். ஒரு குறை உண்டு. மனிதரல்லாத எல்லா உயிரும் சட்டத்தின் கணக்கில் அடங்கும், கோழியும் கிளியும் உட்பட. நம் பேச்சில் விலங்கு என்றால் பறவை சேராது. ‘ஏல, வாயில்லாச் சீவன அடிக்காதல’ என்று ஆச்சிமார் சொல்வதில் இரண்டும் அடங்கிவிடும். ஆனால் ‘சீவன்’ வடசொல். மனுவில் எழுதினால் வக்கீல் சிரிப்பார்.

அடுத்த வீட்டு மாட்டுக்கு விஷம் வைத்துக் கொன்றால் வழக்கே வேறு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு பாயும். ஐந்து ஆண்டு வரை சிறை. அங்கே குற்றத்தின் பெயர் வதை இல்லை; சொத்துக்குச் சேதம் செய்கிற குற்றங்களின் வரிசையில்தான் அது நிற்கிறது.