ஜீனோமிக்ஸ்னா என்ன, தமிழ்ல எப்படி எழுதறது?

ஜீனோமிக்ஸ்னு வந்தாலே நிறைய பேர் மரபணுவியல்னு போட்டுட்டு போயிடறாங்க, அது பத்தாது. ஜீன்னா மரபணு. அது அப்பா அம்மாகிட்டேந்து பிள்ளைக்கு எப்படி வருதுன்னு பார்க்கிறது ஜெனிடிக்ஸ், அதுக்கு மரபியல்னு நல்ல சொல் ஏற்கனவே இருக்கு. ஜீனோம்ங்கிறது ஒரு உயிரோட டிஎன்ஏ மொத்தமும், மனுஷனுக்குன்னா சுமார் 300 கோடி எழுத்து ஜோடி, அந்த மொத்தத்தையும் படிச்சு எது எதோட சேர்ந்து என்ன பண்ணுதுன்னு பார்க்கிறதுதான் ஜீனோமிக்ஸ்.

ஜீன்னு பேர் வச்சது டென்மார்க்கைச் சேர்ந்த யோஹான்சென், 1909ல. 1920ல ஹான்ஸ் விங்க்ளர்ங்கிற ஜெர்மன் தாவரவியலாளர் ஜீனோம்னு எழுதினார், ஜீனையும் குரோமோசோமையும் (செல்லுக்குள்ள டிஎன்ஏ சுருண்டு இருக்கிற இழை) ஒட்டினதுன்னு பொதுவா சொல்வாங்க. ஜீனோமிக்ஸ் ரொம்ப லேட், 1986ல அமெரிக்கால ஒரு புது ஜர்னலுக்கு பேர் தேடினப்போ டாம் ராட்ரிக்ங்கிற மரபியலாளர் சொன்னது.

தமிழ்ல ஜீனோமுக்கு மரபணுத்தொகை, மரபணுத்தொகுதி ரெண்டும் புழங்குது. தொகைன்னா தொகுத்தது, எட்டுத்தொகைல வர்ற அதே தொகைதான், ஆனா இன்னிக்கு படிக்கிறவங்களுக்கு அந்த சொல்லைப் பார்த்ததும் காசுதான் ஞாபகம் வரும். அதனால நான் ஜீனோமை மரபணுத்தொகுதின்னும் ஜீனோமிக்ஸை மரபணுத்தொகுதியியல்னும்தான் எழுதுவேன். நீளம்தான், ஆனா குழப்பம் இல்ல.

சரி, ஏழை நாட்டுக்கு இதெல்லாம் எதுக்கு, முதல்ல தண்ணியும் தடுப்பூசியும் குடுங்கன்னு கேக்கறவங்க ஜிம்பாப்வேல நடந்ததைப் பார்க்கணும். எச்ஐவிக்கு எஃபாவிரென்ஸ்னு ஒரு மாத்திரை. அதை உடம்புல உடைக்கிற என்சைமுக்கான மரபணு சிஒய்பி2பி6, அதுல ஒரு மாறுபாடு ரெண்டு பிரதியா இருந்தா மருந்து ரத்தத்துலயே தேங்கிடும், அப்புறம் இல்லாதது கண்ணுக்குத் தெரியும், மன அழுத்தம், தற்கொலை எண்ணம் வரைக்கும் போகும். அங்க கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தருக்கு இப்படின்னு தலைநகர் ஹராரேல இருக்கிற காலன் மாசிமிரெம்ப்வாங்கிற விஞ்ஞானியோட குழு 2007லயே சொல்லிடுச்சு. அப்போ அந்த மருந்து அங்க அவ்வளவா புழக்கத்துல இல்ல, அரசும் அதைக் கையில எடுக்கல. 2015ல அதே மருந்தை நாடு முழுக்க குடுக்க ஆரம்பிச்சாங்க, பக்கவிளைவு புகாரும் கூடவே வந்துச்சு. ஆராய்ச்சி உள்ளூர்லயே இருந்துச்சு, ஆளும் இருந்தாங்க, அதைக் கேட்டு டோஸை மாத்தற கொள்கைதான் இல்ல, எனக்கு இதுதான் ரொம்ப வலிக்குது.

இந்த மாதிரி வேலையை ஒரு நாடு தானே செய்ய ஆளையும் வசதியையும் உருவாக்கறதுக்கு இங்கிலீஷ்ல கெபாசிட்டி பில்டிங்னு பேர், தமிழ்ல அதை திறன் வளர்ப்புன்னு சொல்றோம், படிச்சா ஏதோ ரெண்டு நாள் பயிற்சி வகுப்பு மாதிரி தெரியுது. நைஜீரியால ஈடேங்கிற ஊர்ல கிறிஸ்டியன் ஹாப்பிங்கிற விஞ்ஞானி நடத்தற ஜீனோமிக்ஸ் ஆராய்ச்சி மையத்தைப் பாருங்க, 2020 மார்ச்ல ஆப்பிரிக்காவோட முதல் கொரோனா வைரஸ் மரபணு வரிசையை அங்கதான் எடுத்தாங்க, மாதிரியை ஐரோப்பாவுக்கு பார்சல் பண்ணிட்டு காத்திருக்கல. ஆப்பிரிக்க மக்களோட மரபணுவையும் நோயையும் ஆராய்ஞ்ச எச்3ஆப்பிரிக்கா திட்டத்துலயும் நைஜீரியா, உகாண்டா, தென்னாப்பிரிக்கான்னு அந்தந்த மண்ணுலயே ரத்தம், டிஎன்ஏ மாதிரிகளை சேமிக்கிற வங்கி கட்டினாங்க. அதனால கட்டமைப்பையும் சேர்த்து திறன் கட்டமைப்புன்னு எழுதினா பொருள் முழுசா வரும், ஏன்னா இதுல மெஷின், கரண்ட் போகாத ஃப்ரீசர், ரசாயனம், சம்பளம் கிடைக்கிற ஆளு எல்லாமே அடக்கம். ஜீனோமிக்ஸ் தொழில்நுட்பம் பணக்கார நாட்டுக்கு கிடைச்சு ரொம்ப நாள் கழிச்சுதான் மத்தவங்களுக்குங்கிறது நியாயமே இல்லன்னு உலக சுகாதார நிறுவனத்தோட அறிவியல் குழுவே 2022 அறிக்கைல சொல்லியிருக்கு.