ஐக்யூ: நுண்ணறிவு ஈவு

ஐக்யூ என்ற சொல் ஒரு வகுத்தல் கணக்கிலிருந்து பிறந்தது. அதைத் தெரிந்துகொண்டால் தமிழில் அதற்கு எந்தச் சொல் பொருந்தும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் வாசிப்பு வட்டம் இம்முறை எடுத்துக்கொண்டது டேனியல் கீஸ் 1966-இல் வெளியிட்ட 'ஃப்ளவர்ஸ் ஃபார் ஆல்ஜெர்னான்' நாவல். ரொட்டிக்கடையில் வேலை பார்க்கும் சார்லி கோர்டனுக்கு வயது 32, ஐக்யூ 68. மூளையில் அறுவைச் சிகிச்சை நடந்தபின் அது 185 வரை ஏறுகிறது, பிறகு எல்லாம் சரிகிறது. ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் பேசிப்பார்ப்பது எங்கள் வழக்கம். சாட்ஸ்வொர்த்திலிருந்து வரும் அக்கா ஒருவர், கடைசிப் பக்கங்களைத் தாங்கமுடியாமல் புத்தகத்தை மூடிவைத்ததாகச் சொன்னார். அப்புறம் கதையைச் சொல்லும்போது, "அவனுடைய அறிவு அளவு கூடிப்போச்சு" என்றார். பலரும் இப்படித்தான் சொல்கிறோம். ஆனால் 'அறிவு அளவு' என்றதும், மண்டைக்குள் அறிவு என்று ஒரு பண்டம் இருப்பதாகவும், அது இத்தனை படி இருக்கிறது என்றும் பொருளாகிவிடுகிறது.

நாவலுக்குள்ளேயே இந்தத் தகராறு வருகிறது. ஐக்யூ என்றால் என்ன என்று சார்லி கேட்கிறான். அறிவை நிறுத்துப் பார்க்கும் தராசு என்கிறார் ஒருவர். இல்லை, கோப்பையின் பக்கத்தில் போட்டிருக்கும் அளவுக்கோடு, நிரப்பவேண்டியது நீதான் என்கிறார் இன்னொருவர். இரண்டுமே தப்பு என்று சொல்பவர்களும் உண்டு என்கிறான், அவனுக்குச் சோதனைகள் வைக்கும் பர்ட். தன் தலைக்குள் கை வைத்தவர்களுக்கே இதில் ஒத்த கருத்து இல்லை என்று சார்லி அறிகிற இடம் அது. எனக்கு நாவலிலேயே மிக முக்கியமான பக்கம் அதுதான்.

சொல்லின் கதைக்கு வருவோம். 1905-இல் பாரிஸில் ஆல்ஃப்ரெட் பினேவும் தியோடர் சிமோனும் ஒரு சோதனையை அமைத்தார்கள். பள்ளியில் தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து உதவுவதுதான் நோக்கம். பத்து வயதுப் பிள்ளைகள் வழக்கமாகச் செய்வதை எட்டு வயதுப் பிள்ளை செய்துவிட்டால், அதன் மனவயது பத்து. 1912-இல் ஜெர்மன் உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன், மனவயதை உண்மை வயதால் வகுத்து, வந்த விடைக்கு 'இன்டெலிகென்ஸ்குவோட்சியென்ட்' என்று பெயர் வைத்தார். அதன் சுருக்கம்தான் ஐக்யூ. 1916-இல் அமெரிக்காவின் லூயிஸ் டெர்மன் அதை நூறால் பெருக்கிப் பின்னத்தை ஒழித்தார். மேலே சொன்ன பிள்ளைக்கு 125. பினே 1911-லேயே இறந்துவிட்டதால் இந்தப் பெயரை அவர் பார்க்கவில்லை. அறிவை மாறாத ஒரு பண்டமாகப் பார்ப்பதை 1909-லேயே கடுமையாக எதிர்த்தவர் அவர்.

'குவோட்சியென்ட்' என்பதன் வேர் லத்தீனில் 'எத்தனை முறை' என்று கேட்கும் சொல். இதற்குப் பள்ளிக் கணக்கில் நம்மிடம் இருப்பது ஈவு. வகுத்தால் கிடைப்பது ஈவு, மிஞ்சினால் மீதி. 'ஈ' என்ற கொடுத்தல் வினையிலிருந்து வந்தது. பங்குக்காரருக்குப் பிரித்துத் தரும் ஈவுத்தொகையிலும், ஈவிரக்கத்திலும் இருப்பது இதே ஈவுதான். 'நுண்ணறிவு' என்பதும் ஒட்டவைத்த சொல்லாகத் தோன்றவில்லை. "நுண்மாண் நுழைபுலம்" என்று 407-ஆம் குறள் சொல்வது நுட்பமாக உள்ளே நுழைந்து பார்க்கும் அறிவை. இன்று செயற்கை நுண்ணறிவு என்று ஊரெல்லாம் பேசுவதும் இதே சொல்லை வைத்துத்தான். ஆக, நுண்ணறிவு ஈவு. தமிழ்நாட்டு ஆசிரியர் கல்விப் பாடநூல்களில் இது வெகுகாலமாக இருக்கிறது.

ஒரு சிக்கல் உண்டு. பழைய வகுத்தல் பெரியவர்களுக்குப் பொருந்தாது. சார்லியின் 185-ஐ அப்படிக் கணக்கிட்டால் அவன் மனவயது 59 என்று வரும். 68-ஐ வைத்தால் ஏறக்குறைய 22. இரண்டுக்கும் அர்த்தமில்லை. அதனால் 1939-இல் டேவிட் வெக்ஸ்லர், ஒருவரை அவர் வயதுக்காரர்களோடு ஒப்பிடும் முறையைப் பெரியவர்களுக்குக் கொண்டுவந்தார். சராசரி 100, மூன்றில் இரண்டு பங்குப் பேர் 85-க்கும் 115-க்கும் இடையில் வருவார்கள். அந்த வழியில் வந்த இன்றைய பெரியவர் சோதனைகள் 160-க்கு மேல் போவதில்லை. வயதால் வகுப்பது போய்விட்டது, ஆனால் ஒப்பீடு போகவில்லை. பிறரோடு வைத்துப் பார்க்காமல் இந்த எண்ணுக்கு இருப்பே கிடையாது. 'அளவு' இதை மறைக்கிறது, 'ஈவு' மறைக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவில் இருந்துகொண்டு இதை லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாது. 1929-இல் எம். எல். ஃபிக் என்ற ஆய்வாளர், வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டுமே தரப்படுத்திய சோதனைகளைக் கறுப்பின, கலர்ட் (அங்கே கலப்பினத்தவருக்கு வைத்த பெயர்), இந்தியப் பிள்ளைகளுக்கும் வைத்தார். வெள்ளையர் மேலே, கறுப்பினப் பிள்ளைகள் கீழே, நம் பிள்ளைகள் நடுவில். 1860-க்கும் 1911-க்கும் இடையில் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்கே போராடிக்கொண்டிருந்த காலம் அது. வீட்டில் தமிழோ தெலுங்கோ போஜ்பூரியோ பேசினார்கள். எதோடு ஒப்பிட்டார்கள் என்பதை விட்டுவிட்டு, வந்த எண்ணைப் பிறவிக் குணமாக்கி, 1939-இல் ஒரு நூலே எழுதினார் ஃபிக். வீடு, சாப்பாடு, பள்ளி எல்லாம் வேறாக இருக்கும்போது அந்த ஒப்பீடு செல்லாது என்று 1943-இல் சைமன் பீஷூவல் மறுத்து எழுதினார். வேலைக்கு வருபவரிடம் உளவியல் சோதனை வைப்பதானால், அது அறிவியல்படி செல்லுபடியாவதாகவும் எந்தக் குழுவுக்கும் பாரபட்சம் காட்டாததாகவும் இருக்கவேண்டும் என்று சட்டம் வர 1998 ஆயிற்று.

அக்காவுக்கு நான் சொன்னது இது. சோதனையில் வந்த எண்ணைச் சொல்லும்போது 'நுண்ணறிவு ஈவு' என்று சொல்லுங்கள். பேச்சில் ஐக்யூ என்றாலும் குற்றமில்லை. சார்லி பல மொழிகளைக் கற்றதையும், தன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று புரிந்துகொண்டதையும் சொல்லும்போது அந்தச் சொல் வேண்டாம். அங்கே 'அவனுக்கு விளங்க ஆரம்பித்தது' என்பதே போதும்.