சேலையை விட்டுப் பிரிந்தால் புட்டா ஏது?

சேலத்தை அடுத்த இளம்பிள்ளையில் நெய்த சேலை ஒன்றை விரித்துப் பாருங்கள். ஜரிகை துணிக்கு அடியில் போகிறது, மேலே வருகிறது, மறுபடி அடியில் மறைகிறது. மேலே வந்த இடம்தான் நம் கண்ணுக்குப் புட்டா. அந்த இழையை மட்டும் உருவிவிட்டால் கையில் ஜரிகை இருக்கும், புட்டா இருக்காது.

நம் செல்களின் மேற்பரப்புப் புரதங்கள் பலவும் இப்படித்தான் செல் சவ்வோடு பின்னிக் கிடக்கின்றன. வெளியிலிருந்து வரும் சேதியைச் செல்லுக்குள் கடத்தும் ஜி புரதத்தோடு இணைந்த ஏற்பிகள் என்ற பெருங்குடும்பம் சவ்வை ஏழு முறை ஊடுருவுகிறது. அந்நியப் பொருளைப் பற்றிக்கொள்ள உடல் சுரக்கும் புரதம்தான் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி). மருந்தாகச் செலுத்தும் எதிர்ப்பொருளோ பெரிய மூலக்கூறு. சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. வெளியே எட்டிப் பார்க்கும் சிறு வளைவுகளைத்தான் அது பற்றியாக வேண்டும்.

எதிர்ப்பொருளை உருவாக்க 1975இல் கோலர், மில்ஸ்டைன் என்ற விஞ்ஞானிகள் காட்டிய வழி புகழ்பெற்றது. சுண்டெலிக்கு ஒரு புரதத்தை ஊசியில் செலுத்தி, அதற்கு எதிர்ப்பொருள் சுரக்கும் செல்லைப் புற்றுச்செல்லோடு இணைத்துப் பெருக்குவார்கள். ஆனால் சவ்விலிருந்து உருவிய புரதம் உருக்குலைந்துவிடும். குலைந்த உருவத்தைப் பார்த்துப் பழகிய எதிர்ப்பொருளுக்கு நோயாளியின் உடலில் இருக்கும் அசல் உருவம் பிடிபடாது. அதனால் புட்டாவைத் துணியோடு கத்தரிப்பது போல, கொழுப்புப் படலத்தாலான நுண்வட்டு ஒன்றில் பதித்தே புரதத்தை எடுக்கிறார்கள். விலங்குக்கு, புரதம் செய்யும் குறிப்பைச் சுமக்கும் எம்ஆர்என்ஏ என்ற மூலக்கூறைச் செலுத்தி, அதன் செல்களையே அந்தப் புரதத்தை நெய்ய வைப்பதும் உண்டு.

அப்படியும் சுண்டெலி சில சமயம் அசையாது. மனிதப் புரதமும் அதன் சொந்தப் புரதமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், தன்னுடையதை அதன் உடல் ஏன் எதிர்க்கப் போகிறது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம்: கோழி! நாமக்கல் பண்ணைகளில் நாம் நாள்தோறும் பார்க்கும் அதே இனம். பாலூட்டிகளின் வழியும் பறவைகளின் வழியும் பிரிந்து 30 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. சுண்டெலிக்கு உறவாகத் தெரிந்த புரதம் கோழிக்கு அந்நியம். அதன் எதிர்ப்பொருளைப் பிறகு மனித எதிர்ப்பொருள் போலத் திருத்தி அமைக்க வேண்டும்.

இந்த வகைப் புரதங்களை எட்டிய மருந்துகள் வந்துவிட்டன. ஒற்றைத் தலைவலியைத் தடுக்கும் எரெனுமாப் 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரைப்பைப் புற்றுக்கான ஸோல்பெட்டுக்ஸிமாப் 2024இல் ஜப்பானில் வந்தது. இதன் இலக்கு கிளாடின் 18.2, நான்கு முறை சவ்வைக் கடக்கும் புரதம். நுரையீரலில் அதன் இரட்டைப்பிறவி போன்ற 18.1 இருக்கிறது, அதைத் தொடாமல் விட வேண்டும். நலமான இரைப்பையில் 18.2 செல்களுக்கு இடையிலான இறுக்கமான இணைப்பில் ஒளிந்திருக்கிறது. புற்றில் அந்த இணைப்பு தளர, வெளியே தெரிகிறது. ஆனாலும் ஒளிவு முழுமையானதல்ல. இந்த மருந்தை ஏற்றிக்கொள்பவர்கள் பலருக்குக் குமட்டலும் வாந்தியும் வருகின்றன.